மூடும் முன் பார்த்துவிடுங்கள்: வீடு கட்டுபவர் தானே செய்யக்கூடிய சோதனைகள்

புது வீட்டுக்குக் குடிவந்த ஐந்தாவது மாதம், சுவரில் ஓர் அலமாரி மாட்டலாம் என்று துளை போட்டேன். டிரில் இரண்டு அங்குலம்கூட உள்ளே போயிருக்காது, முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பிளம்பருக்குத் தெரியும். வீட்டுக்காரனான எனக்குத் தெரியாது. பூச்சு பூசுவதற்கு முதல் நாள் அந்தச் சுவரை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் போதும். எடுக்கவில்லை. அன்றைக்கு நான் டைல்ஸ் நிறம் பார்க்கப் போயிருந்தேன்.

டைல்ஸைப் பத்து வருடம் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். அஸ்திவாரத்தை மண் மூடிவிடும், கம்பியைக் கான்கிரீட் மூடிவிடும், குழாயையும் வயரையும் பூச்சு மூடிவிடும். அதனால் முதன்முறை வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எது மூடப்படப் போகிறதோ, அதற்கு முந்தைய நாள் கண்டிப்பாக வேலை நடக்கும் இடத்தில் இருங்கள். மற்ற நாள் போகாவிட்டாலும் பரவாயில்லை.

வடிவமைப்புக் கணக்கெல்லாம் பொறியாளர் வேலை, அதில் தலையிட வேண்டாம். கீழே இருப்பவை ஒரு டேப், தூக்குக்குண்டு, மூடி போட்ட கண்ணாடி பாட்டில், எடை போட ஒரு தராசு, ஒரு நோட்டு, கையில் இருக்கும் போன், இவற்றை வைத்து யாரும் செய்யக்கூடியவை.

1. மார்க்கிங் போட்டதும்: மூலை சரியா?

கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகு, குழி தோண்டும் முன், ஒரு மூலையில் நில்லுங்கள். ஒரு பக்கக் கோட்டில் 3 அடி, இன்னொரு பக்கத்தில் 4 அடி அளந்து புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவே சரியாக 5 அடி இருந்தால் அந்த மூலை 90 டிகிரி. சின்ன அளவில் பிழை கண்ணுக்குத் தெரியாது என்பதால் 9, 12, 15 அடி என்று பெரிதாக எடுத்துக்கொள்வது நல்லது. கடைசியில் செவ்வகத்தின் எதிர் மூலைகளை இணைக்கும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் என்றால் நிம்மதியாகத் தோண்டச் சொல்லலாம். இங்கே விட்ட இரண்டு அங்குலக் கோணல், தரைக்கு டைல்ஸ் ஒட்டும்போது சுவரோரம் ஆப்பு மாதிரி வெட்டிய துண்டுகளாக வந்து நிற்கும்.

2. குழி தோண்டியதும்

அடியில் இறங்கிக் கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பொதபொதவென்று உள்ளே இறங்கினால், பழைய கிணறோ குப்பைக்குழியோ மூடிய இடமாக இருக்கலாம். பொறியாளரைக் கூப்பிடாமல் மேலே போக வேண்டாம். தெரியாமல் அதிக ஆழம் தோண்டிவிட்டால், அள்ளிப் போட்ட மண்ணையே திரும்பப் போட்டு மட்டம் செய்யக் கூடாது. கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். மழை பெய்து குழியில் தண்ணீர் தேங்கினால், இறைத்து, சேறான மண்ணை வழித்தெடுத்த பிறகே அடுத்த வேலை.

3. பொருள் வந்து இறங்கும்போது

மணலுக்கு பாட்டில் சோதனை. கண்ணாடி பாட்டிலில் பாதிவரை மணல், முக்கால்வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடிக் குலுக்கி, அசைக்காமல் மூன்று மணி நேரம் வைத்துவிடுங்கள். மணல் அடியில் தங்கும். அதன் மேல் வண்டல் மெல்லிய ஏடு மாதிரி படியும். ஏட்டை அளந்து பாருங்கள். மணல் 10 செ.மீ. உயரம் என்றால் வண்டல் 8 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த லோடைக் கான்கிரீட்டுக்கு வைக்காதீர்கள். வண்டல், மணலுக்கும் சிமெண்டுக்கும் நடுவே புகுந்து பிடிப்பைக் கெடுக்கும். லோடு கொட்டியபின் சோதிப்பதைவிட, கொட்டும் முன் ஒரு கைப்பிடி வாங்கி வந்து சோதிப்பது புத்திசாலித்தனம். இறக்கிய மணலைத் திருப்பி ஏற்றச் சொன்னால் நடக்கிற கதையா அது?

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த தேதி பாருங்கள். மூன்று மாதம் கடந்ததை வாங்க வேண்டாம். கையை உள்ளே விட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். கட்டி தட்டுப்பட்டால், விரலால் நசுக்கிப் பொடியாகாவிட்டால், அது ஏற்கெனவே ஈரம் குடித்துவிட்டது. தரையில் நேராக அடுக்காமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

செங்கல் இரண்டை மோதினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். இடுப்புயரத்தில் இருந்து தரையில் விட்டால் உடையக் கூடாது. ஒரு கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் தரம் போதாது.

கம்பிக்கு ஒரு சின்னக் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி: 144ஐ 162ஆல் வகுத்தால் 0.89 கிலோ. 8 மி.மீ. என்றால் 0.395. ஒரு மீட்டர் துண்டு வெட்டித் தராசில் வையுங்கள். கொஞ்சம் முன்பின் இருப்பது சகஜம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 12 என்று சொல்லி மெலிந்த கம்பியைத் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

4. கம்பி கட்டி முடித்த மாலை

ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால், இந்த நாளைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை. கம்பிக்கும், கான்கிரீட்டுக்கு அச்சாக அடிக்கும் சென்டரிங் பலகைக்கும் நடுவே இடைவெளி வேண்டும்: ரூஃபில் 20 மி.மீ., காலமில் (தூணில்) 40, பூட்டிங்கில் (தூணுக்கு அடியில் வரும் அஸ்திவாரத்தில்) 50 என்பது பொதுவான அளவு. உங்கள் வரைபடத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது சிமெண்டின் காரத்தன்மையால். மேலே மூடியிருக்கும் கான்கிரீட் மெலிந்தால் அந்தக் காப்பு சீக்கிரம் போய்விடும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; உள்ளிருந்து தள்ளித் தள்ளி ஒருநாள் கூரைப் பூச்சு பாளம் பாளமாக விழுவது இதனால்தான். கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லைச் சொருகி வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மேலே ஒரு ஆள் நடந்தாலே கல் புரண்டு, கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது ரிங், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். பீமிலும் (உத்தரத்திலும்) காலமிலும் ரிங்குகளுக்கு இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். காலமும் பீமும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ரிங்குகள் நெருக்கமாக வரச் சொல்லியிருப்பார்கள். கை நுழைப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் குறைத்துவிடுவார்கள். ரிங்கின் முனை, கம்பிக் கூட்டுக்குள் மடிந்து கொக்கி மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, பால்கனியும் சன்ஷேடும். சாதாரண ரூஃப் நடுவில் கீழ்ப்பக்கம் இழுபடும், அதனால் முக்கியக் கம்பி கீழே. சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு இது தலைகீழ்: பாரம் முனையைக் கீழே இழுக்கும்போது மேற்பரப்புதான் விரியப் பார்க்கும். ஆகவே முக்கியக் கம்பி மேலே இருந்தே தீர வேண்டும். எங்கள் வீட்டில் கம்பியைச் சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். கான்கிரீட் போடும் காலையில் சட்டி தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் மிதித்து மிதித்து, பத்து மணிக்குள் மேல் கம்பி கீழ் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. வேலையை நிறுத்தி, கம்பியைத் தூக்கி, நாற்காலி மாதிரி வளைத்த முட்டுக்கம்பி அடியில் கொடுத்து, நடக்கப் பலகையும் போட்ட பிறகுதான் தொடர்ந்தோம். அதனால் நடைபலகை இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கூரைக்குள் போகும் மின்குழாய்களையும் இதே மாலையில் பார்த்துவிடலாம். அப்புறம், போட்டோ. ஒவ்வொரு மூலையிலும் டேப்பை விரித்து வைத்து எடுங்கள்.

5. கான்கிரீட் போடும் நாள்

இன்று நீங்கள் பார்க்க வேண்டியது தண்ணீரை மட்டும்தான்.

வலுவான கான்கிரீட்டுக்கு சிமெண்டை அதிகம் போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்தான் வலுவைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1918இலேயே சோதனைகள் செய்து காட்டிவிட்டார். சிமெண்ட் இறுகுவதற்கு அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றுவது, கலவை இளகி அச்சுக்குள் இறங்குவதற்காக. அந்த உபரித் தண்ணீர் பின்னால் ஆவியாகி, போன இடத்திலெல்லாம் நுண்துளையை விட்டுச் செல்லும்.

வீட்டு வேலைக்கு, 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் என்பது நல்ல எல்லை. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இந்த 25க்குள் அடக்கம். மழைக்கு மறுநாள் இன்னும் குறைத்து ஊற்ற வேண்டும். மெஷின் பக்கத்தில் ஹோஸ் குழாய் இருந்தால் எடுத்துவிட்டு, அளவு தெரிந்த வாளியை வையுங்கள். இந்த ஒரு மாற்றம் செய்கிற வேலையை நாள் முழுக்க நின்று கத்தினாலும் செய்ய முடியாது.

மதியத்துக்கு மேல் எல்லோரும் களைத்துப் போவார்கள். அப்போதுதான், “கொஞ்சம் தண்ணி விடுங்க, தள்ளவே முடியல” என்று மேலிருந்து குரல் வரும். கேட்பதில் நியாயம் இருக்கிறது, கெட்டிக் கலவையை இழுப்பது முதுகை ஒடிக்கும் வேலை. மறுத்துவிட்டுப் போகாமல், “வைப்ரேட்டரை இந்தப் பக்கம் கொண்டு வரலாமா, மேஸ்திரி?” என்று கேளுங்கள். கலவையை அதிர வைக்கும் இந்தக் கருவி ஓடினால் கெட்டிக் கலவையும் இளகி இறங்கும். ஓர் இடத்தில் காற்றுக்குமிழ் வருவது நிற்கும்வரை வைத்து, மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். கம்பியில் முட்டுக்கொடுத்து ஆட்டக் கூடாது.

6. மறுநாளிலிருந்து

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீருக்கு அடியில்கூட இறுகும். கலக்கும்போது தண்ணீர் எதிரி, போட்டு முடித்த மறுநாளிலிருந்து அதே தண்ணீர்தான் உயிர். குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயவே கூடாது. ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலு வந்திருக்கும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வலு 28ஆம் நாளில் வருவது.

கூரைக்கு ஓரத்தில் கலவையால் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், சுலபம். தூண்கள்தான் ஏமாறும். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து நிமிடத்தில் வழிந்து போய்விடும். சாக்கைச் சுற்றிக் கட்டி நனைத்துக்கொண்டே இருங்கள்.

பலகை பிரிக்கும் நேரத்தில் நேரில் இருங்கள். ஜல்லி தெரிய, தேன்கூடு போலப் பொந்து விழுந்த இடங்களை அரைமணி நேரத்தில் சிமெண்ட் பால் பூசி மறைத்துவிடுவார்கள். அதற்குமுன் போட்டோ எடுத்துப் பொறியாளருக்கு அனுப்பிவிடுங்கள். மேலோட்டமானதா, கம்பிவரை போகிறதா என்று அவர் சொல்லட்டும். தூண்களின் பலகையை மறுநாளே பிரிக்கலாம். கூரையைத் தாங்கும் முட்டுகளை, பொறியாளர் சொல்லாமல் ஒன்றைக்கூட எடுக்க விடாதீர்கள்.

7. சுவர்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கல்லை நனைத்துக் கட்டுகிறார்களா (காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும்), மேல் வரிசை மூட்டும் கீழ் வரிசை மூட்டும் ஒரே கோட்டில் வராமல் இருக்கிறதா, தூக்குக்குண்டு விட்டால் சுவர் நேரா, இந்த மூன்றும் போதும்.

8. பூச்சுக்கு முந்தைய நாள்

தண்ணீர்க் குழாய்களின் முனைகளை அடைத்து, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியில் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பிளம்பரிடம் காட்டச் சொல்லுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும், 4 அங்குலக் குழாய் என்றால் 40 அடிக்கு 1 அடி இறக்கம் ஒரு நல்ல அளவு.

பிறகு ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று எடுங்கள். தரையிலிருந்து ஒரு டேப், பக்கச் சுவரிலிருந்து ஒரு டேப், இரண்டின் எண்களும் படத்தில் தெரிய வேண்டும். படத்தின் பெயரில் அறையும் திசையும் எழுதி இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

9. பாத்ரூம் டைல்ஸுக்கு முன்

நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், வடிகாலை அடைத்துத் தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு, ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், ஆவியாகியும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கீழ்த்தளத்துக்குப் போய், கூரையில், முக்கியமாகக் குழாய் துளைத்துக்கொண்டு வரும் இடத்தைச் சுற்றி, கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.