மூச்சை எண்ணும்போது மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காதீர்கள்

நர்சிங் முதல் வருடத்தில் வார்டுக்குப் போகும் மாணவர்கள் நாடி, டெம்பரேச்சர், பிரஷர் எல்லாம் சீக்கிரம் பழகிவிடுவார்கள். மூச்சில்தான் தடுமாறுவார்கள். "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்ன அடுத்த நொடியே நோயாளியின் மூச்சு மாறிவிடும். கவனம் அங்கே போனால் யாருக்கும் அப்படித்தான்.

அதனால் நாடி பார்த்து முடித்ததும் விரல்களை மணிக்கட்டிலேயே வைத்திருங்கள், இன்னும் நாடிதான் பார்க்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். அவர் கையை நெஞ்சின் மேல் மெதுவாக மடக்கி வைத்தால் இன்னும் நல்லது. நெஞ்சு எழுந்து தணிவது உங்கள் விரலுக்கே தெரியும். எழுவதும் தணிவதும் சேர்ந்து ஒன்று. 15 நொடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நாலு தவறும். முழு 60 நொடி எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. மூச்சுவிடச் சிரமப்பட்டுக் கழுத்துத் தசை இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், முந்தைய ஷிப்ட் 18 என்று எழுதியிருக்கிறதே என்று நீங்களும் 18 போடாதீர்கள். நோயாளி மோசமாவதைப் பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். எண்ணியதும் படுக்கை அருகிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த நோயாளியிடம் போனால் மறந்துவிடும்.