பால் சங்கத்தில் நம்பிக்கை குலையாமல் காப்பது எப்படி?

கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் உற்பத்தியாளருக்கும் செயலாளருக்கும் இடையே மூளும் மனக்கசப்பு, என் மதிப்பில், கொள்முதல் விலையைவிடப் பால் அட்டையில் எழுதப்படும் கொழுப்பு எண்ணாலேயே அதிகம் வளர்கிறது. பாலை இன்று ஊற்றிவிட்டுப் பணத்தைப் பின்னால் வாங்குபவருக்கு அந்த எண்ணே பிடிமானம் என்பதால், அவர் கண்முன் சோதித்து உடனே அட்டையில் பதிவது சங்கத்தின் முதல் கடமையாகும்.

சற்று நேரம் அசையாமல் இருந்த பாலில் ஏடு மேலே திரண்டுவிடும். ஆகவே பாத்திரம் மாற்றி இரண்டு மூன்று முறை ஊற்றிக் கலந்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

எண் குறைந்ததும் தண்ணீர் கலந்ததாகச் சொல்லிவிடக் கூடாது. மடியிலிருந்து கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி என்பதால், அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு முன்பாலை மட்டும் கொண்டுவருபவரின் எண் இயல்பாகவே தாழும். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதும் தவறு. கொழுப்பு இலேசானது ஆகையால், கொழுப்பு மிகுந்த கலப்பற்ற பாலிலும் அது சற்றுக் குறைத்தே காட்டும். கொழுப்பு எண், லாக்டோமீட்டர் அளவு இரண்டையும் சேர்த்துக் கொழுப்பற்ற திடப்பொருளை, அதாவது நீரும் கொழுப்பும் போக எஞ்சுவதைக் கணக்கிட்டு, பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்புத் தரம் கேட்கும் 3.2 சதவீதக் கொழுப்பு, 8.3 சதவீதக் கொழுப்பற்ற திடப்பொருள் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் ஐயம் தீராவிட்டால், மறுநாள் உற்பத்தியாளரின் தொழுவத்திலேயே மடி வற்றக் கறக்கச் செய்து, இருவரும் பார்க்கச் சோதிப்பதே நியாயம். வரிசையில் நிற்பவர்கள் காதுபடச் சுமத்திய பழியை அட்டையில் எண்ணைத் திருத்துவதுபோல் திருத்திவிட முடியாது.

சங்கம் லிட்டரில் வாங்கி, சங்கங்களிடம் பால் வாங்கும் கூட்டுறவு ஒன்றியத்துக்குக் கிலோவில் கணக்குக் காட்டும் இடங்களில், 100 லிட்டர் பால் ஏறத்தாழ 103 கிலோ எடையிருக்கும் என்பதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இந்த 3 கிலோவின் காரணம் தெரியாதவர், தம் பால் திருடப்படுவதாகவே நினைப்பார். பட்டுவாடா தள்ளிப்போகும் என்று தெரிந்தால், புதிய தேதியையும் அதே பலகையில் முன்கூட்டியே எழுதுவது நல்லது.

உற்பத்தியாளருக்கும் கடமை உண்டு. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலைக் கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. காய்ச்சினாலும் அந்த மருந்து முழுவதும் நீங்காது. ஒருவர் மறைத்தால், அவர் பாலோடு கலந்த மற்றவர்களின் பாலும் வீணாகும். தவறி ஊற்றிவிட்டவர் கேன் வண்டி ஏறும் முன்பே வந்து சொன்னால், அந்தக் கேனை மட்டும் தனியே நிறுத்திவிடலாம். அப்படிச் சொல்ல வருபவரைச் செயலாளர் கடிந்துகொள்ளாமல் இருந்தால்தான் அடுத்த முறையும் ஒருவர் சொல்ல வருவார்.