ஏரி வண்டலை நிலத்துக்கு அடிக்கும் முன்

வேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் ஈரம் நிற்க ஏரி வண்டலைவிட மலிவான வழி இல்லை. சித்திரை, வைகாசியில் ஏரி வறண்டதும் எடுத்துவிட வேண்டும். ஆடி மழை இறங்கினால் டிராக்டர் சேற்றில் புதையும்.

முதலில் ஆயக்கட்டுக்காரர்களை, அதாவது அந்த ஏரியில் பாசனம் பெறும் நிலக்காரர்களைக் கூட்டி, யாருக்கு எத்தனை நடை என்று நோட்டில் எழுதுங்கள். சிறு விவசாயிகள் முதலில். இல்லாவிட்டால் சொந்த டிராக்டர் உள்ளவர் வயலுக்கே எல்லாம் போகும். அனுமதி வட்டாட்சியரிடம், இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். மண்ணுக்குக் கட்டணம் இல்லை. அளவு ஏக்கருக்கு நஞ்சையில் 75 கன மீட்டர் (25 டிராக்டர் நடை), புஞ்சையில் 90 (30 நடை). பரப்பினால் சுமார் 2 சென்டிமீட்டர் கனம்தான் வரும், அதுவே போதும்.

எந்த இடத்தில் தோண்டுவது? வரவுக் கால்வாய் வாயில் மணல்தான் தங்கும். நல்ல வண்டல் உள்ளே ஆழத்தில். வயல்களுக்கு நீர் திறந்துவிடும் நீர்க்கட்டியைக் கேட்டால் இடத்தைக் கைகாட்டிவிடுவார். சந்தேகம் இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். மறுநாள் மேலே படிந்திருப்பது களி. மணல் பாதிக்கு மேல் இருந்தால் டீசல்தான் வீண்.

கரையடியையும் மதகையும் ஒட்டித் தோண்டவே கூடாது. அதிகாரி குறித்த எல்லைக்குள் நில்லுங்கள். கருமண் முடிந்து சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) மொரம்போ (சரளை மண்) தெரிந்தால் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் அது வண்டல் இல்லை, மண் வியாபாரம்.

தோல் பதனிடும் கழிவு கலந்த ஏரியாக இருந்தால் எடுக்கவே வேண்டாம்: உப்பும் குரோமியமும் வயலுக்கு வந்துவிடும். மற்ற ஏரி மண்ணையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

வயலில் குவியலாக விடாமல் உடனே பரப்பி, கட்டி உடையும்வரை காயவிட்டு, மழைக்குப் பின் உழுங்கள். ஆட்டுக் கிடை போட்டால் (இரவில் ஆடுகளை வயலில் அடைத்தால்) இன்னும் நல்லது. மணிலா (நிலக்கடலை) போடும் நிலத்துக்குப் பாதி அளவே போதும். களி கூடினால் காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்காது, பிடுங்கும்போது காய் மண்ணிலேயே நிற்கும்.

ஏரி நிறைந்ததும் கரையின் வெளிப்பக்க அடியைப் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் தினமும் கவனித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது: அன்றே கசிவைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, நீர்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.