சித்திரைத் திருவிழாவில் தொண்டு செய்யப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

மதுரை சித்திரைத் திருவிழாவுக்குத் தொண்டு செய்யவென்று வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர், அழகர்மலையிலிருந்து வரும் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாளை மட்டும் குறித்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். முதல் தவறே அதுதான். அன்று விடியலில், அவர் இறங்கும் ஆழ்வார்புரம் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. நீங்கள் உதவ வந்தவர் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், போலீஸ்காரருக்கு நீங்களும் கூட்டம்தான். கொரோனாவால் நின்றுபோயிருந்து 2022இல் மறுபடி பக்தர்களோடு நடந்தபோது, ஆற்றுக்குள் நெரிசலில் 2 பேர் இறந்துபோனார்கள். ஆள் தேவைப்படுவது அதற்கு முன்னும் பின்னும். முந்தின நாள், மலையிலிருந்து வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம். அப்புறம் வண்டியூர், தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய அழகர் பத்து அவதாரக் கோலத்தில் காட்சி தரும் தசாவதாரம்.

அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு முந்தின நாள் சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்துக்குக் காய் நறுக்குவார்கள். வீட்டிலிருந்தே கத்தியும் அரிவாள்மனையுமாகக் கிளம்பி வரும் அக்காமார்களோடு நீங்களும் போய் உட்கார்ந்துவிடலாம். மேற்பார்வை பார்க்கிற நினைப்பில் மட்டும் போகாதீர்கள், அங்கே வேலை தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான். மறுநாள் சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்று மொய் எழுதுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். சாமி வீட்டுக் கல்யாணம் என்றாலும் கல்யாணம் கல்யாணம்தானே.

சொந்தமாக நீர்மோர்ப் பந்தலோ அன்னதானமோ போடுகிறவர்கள் செய்யும் தவறுகள் வேறு ரகம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் அண்டாவை இறக்கிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு ஆகாத ஐஸ்கட்டியில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, மோரில் போடும் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் குறைவு. பிளாஸ்டிக் டம்ளருக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை, தொன்னையும் பாக்குமட்டையும் வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, கூட்டம் திரும்பும் முனையில் பந்தலைப் போடுவது. ஒருவர் டம்ளருக்குக் கை நீட்டி நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியிருக்கும். முனையைத் தாண்டி, தெரு அகலமாகிற இடத்தில் போடுங்கள்.

அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவது நேர்த்திக்கடன். விரதமிருந்து, கருப்பசாமி வேடம் கட்டி, தோல் பையில் தண்ணீர் நிரப்பிச் செய்வது. ஆசையாக இருக்கிறதென்று நீங்களும் ஒரு பிரஷர் பம்பை வாங்கிக்கொண்டு இறங்காதீர்கள். அதற்குத் தடை இருக்கிறது, சாமி தூக்கி வருகிறவர்கள் கண்ணில் அடித்துவிடும். நேர்த்திக்கடனாகத் தீப்பந்தம் (திரி) சுற்றி ஆடுகிறவரையும் அருள் வந்து ஆடுகிறவரையும் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படமெடுக்கக் கூடாது. மயக்கம் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. கூட வந்த சொந்தக்காரர்கள் பக்கத்திலேயேதான் இருப்பார்கள், அவர்கள் கூப்பிட்டால் போங்கள். மீனாட்சி கோயிலுக்குள் போன் கொண்டுபோக 2018லிருந்து அனுமதியே இல்லை, அதனால் வாசலில் நின்று காவலரோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று, இது படித்தவர்கள் மட்டும் செய்கிற தப்பு. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்து, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூருக்குப் போய்விட்டார் என்று பக்கத்தில் நிற்கும் பாட்டி சொல்வார். உடனே, இல்லை பாட்டி, அவர் வருவது சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க, மீனாட்சி கல்யாணம், அழகர் வருகை என்ற இரண்டு விழாவையும் சேர்த்து வைத்தது திருமலை நாயக்கர் என்று ஆரம்பிக்காதீர்கள். திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தாரை வார்த்துக் கொடுப்பதையும், தேனூர் மண்டபத்தில் முனிவருக்கு மோட்சம் கொடுப்பதையும் அந்தப் பாட்டி வருஷா வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த மற்றதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அழகர் பூ அலங்காரப் பல்லக்கில் வரும் பூப்பல்லக்கைப் பார்த்த கையோடு ஊர் திரும்புவது. அழகர் மலைக்குக் கிளம்பிய பிறகு ஆற்றிலும் கரையிலும் கிடக்கும் குப்பையை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள்தான் அள்ளுகிறார்கள், ஏற்கெனவே பல நாள் தூக்கமில்லாமல். கையுறையும் நாலைந்து சாக்குகளும் எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதித் தூய்மைப் பணி மேஸ்திரியிடம் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.