ஊர்ப் பிரச்சினையை மூன்று நிமிட ராப்பாக எழுதுவது எப்படி

சமூகம் பேசும் ராப் எழுத உட்காருகிறவர்களை முதல் வரியிலேயே முடக்கிப்போடும் பயம் ஒன்று உண்டு: நிறையப் பேர் கேட்டுவிட்டால் பாட்டு போலியாகிவிடுமோ என்பது. இந்த வகைக்கு அடித்தளம் போட்ட 'தி மெசேஜ்' 1982இல் வந்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து வந்த 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்' குழுவுக்கு அதைப் பாடவே தயக்கம். சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக் கம்பெனியை நடத்திய சில்வியா ராபின்சன்தான் விடாமல் வற்புறுத்திப் பதிவு செய்ய வைத்தார். உறையில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் பெயர் முன்னால் நிற்கிறது. வெர்ஸ்களை, அதாவது கதை சொல்லும் பகுதிகளை, சொன்னவர்கள் மெல்லி மெல், டியூக் பூட்டி. கம்பெனி வற்புறுத்திப் பதிவான பாட்டுதான். ஆனாலும் உடைந்த கண்ணாடி, மூத்திரம் நாறும் படிக்கட்டு, எலி, கரப்பான் என்று தெருவை அப்படியே எடுத்து வைத்ததால் இன்றும் அது போலியாகத் தோன்றுவதில்லை.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டை ஊரெங்கும் கொண்டுபோவது திரும்பத் திரும்ப வரும் ஹுக்கும், அடியில் ஓடும் தாளமான பீட்டும்; பாட்டு உண்மையா என்பது தெரிவது வெர்ஸில். முதலாவதில் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். இரண்டாவதில் ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது.

முதலில் அளவு. 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பீட்டில், நாலு தட்டு கொண்ட ஒரு பார் ஏறக்குறைய 2.67 விநாடி. இன்ட்ரோ (தொடக்க இசை) 4 பார், வெர்ஸ் 16, ஹுக் 8, வெர்ஸ் 16, ஹுக் 8, பிரிட்ஜ் (மாறுதலுக்கான இடைப்பகுதி) 8, கடைசி ஹுக் 8. மொத்தம் 68 பார், மூன்று நிமிடத்துக்கு ஒரு விநாடி கூட. மூன்றாவது வெர்ஸ் எழுதத் தோன்றினால் பிரிட்ஜை எடுத்துவிடுங்கள். இரண்டையும் வைத்தால் கேட்பவர் பாதியில் நகர்ந்துவிடுவார்.

ஒரு பாருக்குள் எவ்வளவு சொல்லலாம் என்பதற்குத் தமிழில் எளிய கணக்கு இருக்கிறது: புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். 90 பிபிஎம்மில் 8 முதல் 12 வரை நிதானம், 13, 14 விறுவிறுப்பு. 16ஐத் தாண்டினால் டபுள் டைமுக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, போயாக வேண்டும். பதினாறையும் நிரப்பிய பார்கள் அடுத்தடுத்து இரண்டு வந்தால் மூச்சுக்கு இடமிருக்காது. மேடையில் மூன்றாவது பார் விழுந்துவிடும்.

இனி வெர்ஸ். சென்னையில் கூவக்கரையிலிருந்து மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்ட குடும்பம்தான் பொருள் என்று வைத்துக்கொள்வோம். "ஏழைகள் அழுகிறார், அதிகாரம் சிரிக்கிறார்" என்று எழுதினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும். எல்லா ஊருக்கும் பொருந்துவது எந்த ஊரையும் தொடாது. அந்தக் குடும்பத்தோடு பேசி, எழுதத் தொடங்கும் முன்பே குறைந்தது இருபது பொருட்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன டோக்கன், எந்த வண்டி, எந்த பஸ், எத்தனை மாறுதல், பள்ளிக்கூடத்தில் டீசி வாங்கிய மாதம். அவற்றிலிருந்து இப்படி வரி பிறக்கும்:

டோக்கன் கையில, தட்டுமுட்டு லாரியில
பாக்கெட்ல டீசி, பாப்பா ரோட்டுல

மேல்வரி 13 எழுத்து, கீழ்வரி 10. குறைந்துபோன மூன்று எழுத்தின் இடத்தில் மூச்சு வாங்கலாம். டோக்கன், பாக்கெட் இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'க்' என்பதால் எதுகை விழுகிறது. கீழ்வரிக்குள் 'பா' என்று மோனை.

இந்த எதுகை மோனையைப் பள்ளிப் பாடமாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆங்கில ராப்பைப் போல வரி முடிவில் மட்டும் ஒலி பொருத்தப் பார்ப்பதுதான் தமிழில் அதிகம் நடக்கும் தவறு. நம் வாக்கியம் வினையில் முடியும். வினை விகுதியில் முடியும். 'போறான், வாறான், கேக்குறான், பாக்குறான்' என்று பதினாறு வரியும் தானாகவே ஒலி ஒத்து நிற்கும். உழைக்காமல் கிடைத்த இயைபு அது. நாலாவது வரியிலேயே காதுக்குச் சலித்துவிடும். வரியைப் பெயர்ச்சொல்லிலோ இடப்பெயரிலோ முடியுங்கள். ஒலியை வரித் தொடக்கத்துக்கும் நடுவுக்கும் நகர்த்துங்கள்.

ஃப்ளோவில், அதாவது சொற்கள் பீட்டில் ஓடும் விதத்தில், குறில் நெடில் கவனம். பீட்டுக்காக 'விடு' என்பதை இழுத்தால் 'வீடு' ஆகிவிடும். 'கொடு' என்பது 'கோடு'. இடம் மீதமிருந்தால் குறிலை நீட்டாதீர்கள். அங்கே அமைதியை வையுங்கள், அல்லது நெடில் உள்ள வேறு சொல்லைத் தேடுங்கள்.

அசல், போலி என்ற சண்டை உண்மையில் மூளும் இடம் பிரதிப்பெயர். 'நான்' என்று சொல்ல அது உங்கள் வாழ்க்கையாக இருக்க வேண்டும். 'நாங்க' என்றால் கேட்பவரைத் தவிர்த்த ஒரு கூட்டத்துக்குள் நீங்கள் நிற்கிறீர்கள். அந்தக் கூட்டம் உங்களைத் தன் ஆள் என்று ஏற்குமா என்று நேரில் கேட்டுவிட்டு எழுதுங்கள். 'நாம' என்றால் வசதியாக உட்கார்ந்து கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். பொறுப்பை அவர் மீதும் வைக்க வேண்டிய வரிக்கு அதுதான் சரி. இந்தப் பிரிவு ஆங்கில ராப்பருக்கு இல்லாத ஆயுதம். எதிலும் சேராதவர் 'நான் பார்த்தேன்' என்று சாட்சியாக நிற்கலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. கோவையில் வளர்ந்தவர் வடசென்னைப் பேச்சை இரவல் வாங்கினால் இரண்டாவது வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கோவைப் பேச்சிலேயே சொல்லுங்கள்.

ஹுக்கை இசையில்லாமல் சோதியுங்கள். பத்துப் பேர், வெறும் கைதட்டல். ஒருமுறை கேட்டதும் திருப்பிச் சொல்ல வர வேண்டும். கோஷமாகும் சொற்றொடர் எட்டு எழுத்துக்குள் நின்றால் நல்லது. மெட்டு இருந்தால் ச முதல் ப வரை போதும், அதற்கு மேல் கூட்டத்தின் குரல் உடையும். அமெரிக்க ராப்பர் கெண்ட்ரிக் லமாரின் 'ஆல்ரைட்' 2015இல் வந்தது. வெர்ஸ் முழுக்க இருட்டு. ஹுக்கில் நாலைந்து சொல். அந்த ஜூலையில் கிளீவ்லாந்தில் போலீசை எதிர்த்து நின்றவர்கள் அந்த ஹுக்கைத்தான் கோஷமாக எழுப்பினார்கள்.

பறையோ கானாவோ சேர்ப்பதானால் தாளத்தை முதலில் பாருங்கள். சாவுக்கூத்து அடி ஆறெட்டில் (6/8, ஆறு எண்ணிக்கைத் தாளம்) ஓடும். அதை நறுக்கி, நாலு எண்ணிக்கையில் ஓடும் ட்ராப் வகை ராப் பீட்டில் ஒட்டினால் அடியின் நடையே செத்துவிடும். பீட்டையே ஆறெட்டில் கட்டுங்கள். வாசிப்பவரைக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். மைக் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், பக்கத்தில் வைத்தால் குச்சியின் அறை மட்டுமே கேட்கும். 2018இல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தியபோது, கானா பாடியவர்கள் கானாக்காரர்களே.

குரல் பதிவுக்கு வீட்டில் துணி அலமாரியின் முன் நின்றால் போதும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், உச்ச ஒலி மைனஸ் 10 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள். டபுள்ஸ் (அதே சொல்லை மறுபடி பாடி மேலே அடுக்குவது) எல்லா வரிக்கும் வேண்டாம், வரி முடிவுச் சொற்களுக்கு மட்டும். எல்லா ஒலியையும் சேர்த்த மிக்ஸை போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். 808 எனப்படும் ஆழ்ந்த மின்னணு பாஸ் ஒலி அதில் காணாமல் போகும். கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) ஏற்றினால் திரும்பி வரும்.

கம்பெனியோ படமோ திருத்தம் கேட்டால் நீளம், இன்ட்ரோ, பீட், ஹுக் எத்தனை முறை என்பதையெல்லாம் கொடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயரையும் தொழிலின் பெயரையும் கொடுக்காதீர்கள். தணிக்கையில் ஒரு சொல் மியூட் ஆகலாம் என்று தோன்றினால் அதே எழுத்து எண்ணிக்கையில் மாற்றுச் சொல்லையும் முன்கூட்டியே பாடி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் ஃப்ளோ ஓட்டையாகும்.

பணமும் பெயரும் உண்மையின் பாதி. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் போனது. அதை எழுதிப் பாடகி 'தீ'யுடன் சேர்ந்து பாடியவர் ராப்பர் அறிவு. அந்த ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் அவர் இல்லாததை இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பிறகு அறிவை வைத்து இணையத்தில் ஓர் அட்டை வந்தது. அதனால் பதிவு நாளன்றே ஒரு தாளில் வரி, மெட்டு, பீட், வாசிப்பு யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, கூட்டினால் 100 வருகிறதா பார்த்து, எல்லோரும் கையெழுத்திடுங்கள். 2012 காப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்கிறது. அதைப் பெற, ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிப் பாடலைப் பதிவு செய்ய வேண்டும். வேறொரு பதிவிலிருந்து துண்டு (சாம்பிள்) எடுத்திருந்தால் அனுமதி இரண்டு: பாடலுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று.

வெளியிட ஒரு வாரம் முன்பு, யாரைப் பற்றிப் பாடினீர்களோ அவர்கள் வீட்டில் போட்டுக் காட்டுங்கள். "பிடிச்சிருக்கா" என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். "எது தப்பா இருக்கு" என்று கேளுங்கள். பஸ் நம்பர் தப்பு என்பார்கள், அந்த மாதம் டோக்கனே கொடுக்கவில்லை என்பார்கள். அந்த பாரை மட்டும் திரும்பப் பாட, பழைய செஷனை (பதிவுக் கோப்பை) அழிக்காமல் வைத்திருங்கள். அதே மைக், அதே தூரம், முடிந்தால் நாளின் அதே நேரம். காலைக் குரலும் இரவுக் குரலும் ஒட்டாது.