டெபாசிட் திரும்பி வரவில்லையா? சிங்கப்பூர் வாடகைத் தகராறில் நான் போன வழி, படிப்படியாக

ஈசூனில் ஒரு மூவறை வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். மாதம் 2,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), டெபாசிட் ஒரு மாத வாடகை. காலி செய்து பதினெட்டு நாள் கழித்து பேநவ் என்ற வங்கிப் பணமாற்று வசதியில் 730 வெள்ளி வந்தது. மீதி எங்கே என்று கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு: வீடு முழுக்கப் பெயின்ட் 1,100, மூன்று ஏர்கானுக்கும் (ஏசி) கெமிக்கல் வாஷ் என்ற ரசாயனக் கழுவல் 420, துப்புரவு 250, சோபா 200. ஆக மொத்தம் 1,970 வெள்ளி பிடித்தம்.

வீட்டுக்கார அம்மா நம் ஊர்க்காரர். பொங்கலுக்குக் கரும்பு வாங்கி அனுப்பியவர். குடியேறிய அன்று வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்து வாங்கலாமா என்று கேட்டபோது, "அதெல்லாம் எதுக்குத் தம்பி, நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார். அவர் ஓடவில்லைதான். கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் நான்தான் முழித்தேன்.

மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது. நான் வழக்கறிஞர் இல்லை. என் கதை குடியிருந்தவன் பக்கத்துக் கதை. சிங்பாஸ் (அரசுத் தளங்களில் நுழையும் மின் அடையாளம்), வாட்ஸ்அப் உரையாடலைக் கோப்பாக எடுப்பது, பிடிஎஃப் ஆக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஒப்பந்தத்தை இப்போதாவது படியுங்கள்

டெபாசிட்டை எத்தனை நாளில், எதையெல்லாம் கழித்துக்கொண்டு தரவேண்டும் என்று சொல்லும் தனிச்சட்டம் சிங்கப்பூரில் இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் 2001இல் நீக்கிவிட்டார்கள். அதனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்தான் உங்களுக்குச் சட்டம்.

தேடவேண்டிய இடங்கள் சில. டெபாசிட் திரும்பத் தரும் கெடு. சின்னப் பழுதுக்கு எவ்வளவு வரை நம் கைக்காசு (150, 200 வெள்ளி என்று போடுவது வழக்கம்). ஏர்கான் சர்வீஸ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. எல்லாவற்றையும்விட முக்கியம், 'ஃபேர் வேர் அண்ட் டேர்' என்ற சொல். புழங்கினால் வரும் இயல்பான தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பில்லை என்று அர்த்தம். என் வழக்கு முழுக்க அந்த நாலு சொல்லில்தான் நின்றது.

'டிப்ளமேட்டிக் கிளாஸ்', அதாவது ஒப்பந்தக் காலம் முடியுமுன் கிளம்ப இடம்தரும் விதி, பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாக அது இரண்டாண்டு ஒப்பந்தத்தில்தான் இருக்கும். வேலை போனாலோ, வெளிநாட்டுக்கு மாற்றலானாலோ, அதுவும் முதல் 12 மாதம் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்க முடியும். ஆகக் குறைந்தது 14 மாத வாடகை உங்கள் தலையில்.

படி 2: முத்திரைத்தாள் வரி. நான் தடுக்கி விழுந்த இடம்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்துக்கு ஐராஸில் (அரசின் வரித்துறை) முத்திரை வரி கட்டவேண்டும், கட்டவேண்டியவர் வாடகைக்காரர். இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள், வெளிநாட்டில் கையெழுத்திட்டால் தாள் இங்கு வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாளுக்குள். நான்காண்டுக்கு மேற்படாத ஒப்பந்தம் என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. என் கணக்கு: 2,700ஐ 12ஆல் பெருக்கினால் 32,400. அதில் 0.4 விழுக்காடு 129 வெள்ளி 60 காசு. காசை விட்டுவிடுவார்கள், 129 வெள்ளி.

"ஸ்டாம்பிங் நான் பார்த்துக்கிறேன் பிரதர்" என்றார் ஏஜென்ட். நானும் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன். ஓராண்டுக்குப் பிறகு வழக்குப் போட எல்லாவற்றையும் அடுக்கும்போது ஒரு நண்பர் கேட்டார்: "ஸ்டாம்பு சர்டிபிகேட் எங்கே?" மின்னஞ்சலில் தேடினேன், வாட்ஸ்அப்பில் தேடினேன். ஏஜென்ட்டைக் கேட்டால், நான் கட்டிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. சரி, இப்போது கட்டுவோம் என்று ஐராஸ் மின்முத்திரைத் தளத்துக்குப் போனேன். மூன்று மாதம் வரை தாமதம் என்றால் 10 வெள்ளி அல்லது வரிக்குச் சமமான தொகை, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். மூன்று மாதம் தாண்டினால் 25 வெள்ளி அல்லது வரியைப்போல நான்கு மடங்கு. எனக்கு 516. வரியோடு சேர்த்து 645 வெள்ளி. 1,970ஐக் கேட்கப் போனவன் முதலில் 645 கட்டிவிட்டு வந்தேன்.

செய்யவேண்டியது:

தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்து, வாடகை ஒப்பந்தம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆவணத் தேதி கேட்கும் இடத்தில் கையெழுத்திட்ட தேதியைப் போடவேண்டும், குடியேறிய தேதியை அல்ல. நான் முதலில் மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். வாடகை என்ற கட்டத்தில் மரச்சாமான் வாடகை, பராமரிப்புக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாகப் பிரித்திருந்தாலும் சேர்த்தே போடுங்கள். பணம் கட்டியதும் சான்றிதழை இறக்கி, ஒப்பந்தத்தோடு ஒரே பிடிஎஃப் ஆக ஒட்டிவையுங்கள்.

ஏஜென்ட் கட்டிவிட்டதாகச் சொன்னாலும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது உண்மையானதா என்று அதே தளத்தில் சரிபார்க்கலாம்.

(ஏஜென்ட் என்றதும் இன்னொன்று. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு வாடகையில் ஏஜென்ட் டெபாசிட்டையோ வாடகையையோ கையால் தொடக்கூடாது, அது விதி. பணம் வீட்டுக்காரர் கணக்குக்கு நேரே போகவேண்டும். "எனக்கு அனுப்புங்க, நான் கொடுத்துடறேன்" என்று சொல்லும் ஏஜென்ட்டை விட்டு விலகுங்கள். அவர் பதிவு பெற்றவரா என்று சிஇஏ எனப்படும் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் கைப்பேசி எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.)

படி 3: சான்றுகளை அடுக்குங்கள்

குடியேறும்போது எடுத்த படம், காலி செய்தபோது எடுத்த படம், இரண்டும் ஒரே கோணத்தில் பக்கத்துப் பக்கத்தில். இதற்கு ஈடு எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வேண்டாம், தரம் குறைந்திருக்கும், எடுத்த தேதியும் போயிருக்கும். கேமராவிலிருந்து நேரே எடுங்கள். அலங்காரமான செயலியெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஒரு வேர்ட் கோப்பு, இரண்டு பத்தி அட்டவணை, அவ்வளவுதான்.

என் பக்கத்திலும் ஒரு குற்றம் இருந்தது. கூடத்தில் சாமி மாடத்துக்கு மேலே, தினம் ஏற்றிய விளக்கின் புகை சுவரில் நாக்கு மாதிரி ஒரு கரும்படிவை விட்டிருந்தது. ஒரு முழ உயரம். ஈரத்துணியால் துடைக்கப்போய் அதை இன்னும் அகலமாக்கிவிட்டேன். அதை இயல்பான தேய்மானம் என்று எனக்கே சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்த ஒரு சுவருக்காக மூன்று அறைக்கும் பெயின்ட்டா? அடுப்படியில் தாளிப்பு தெறித்த மஞ்சள் புள்ளிகள் என் மனைவி தேய்த்ததில் போய்விட்டன, படம் இருந்தது. ஏர்கானுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்த நான்கு ரசீதும் இருந்தன. கெமிக்கல் வாஷ் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. சோபா நாங்கள் வரும்போதே கிழிந்திருந்தது. மகள் அதில் ஏறி நிற்கும் முதல் நாள் படத்தில் அந்தக் கிழிசல் தெரிந்தது. சான்றுக்கென்று எடுத்த படமே இல்லை அது.

ஒவ்வொரு பிடித்தத்துக்கும் இப்படி ஒரு வரி எழுதுங்கள்: அவர் கேட்பது, நான் ஒப்புக்கொள்வது, ஏன், எந்தப் படம். நாமே ஒப்புக்கொள்ளும் தொகையையும் எழுதவேண்டும். நான் சுவருக்கு 180, துப்புரவுக்கு 120, ஆக 300 என்று எழுதினேன்.

படி 4: எழுத்தில் கேளுங்கள்

வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு மின்னஞ்சல் ஒன்று. ஒப்பந்தத் தேதி, முகவரி, சாவி ஒப்படைத்த நாள், டெபாசிட் தொகை, எதை ஒப்புக்கொள்கிறேன், எதை மறுக்கிறேன், 14 நாள் கெடு, கெடு தாண்டினால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் (சிறு தொகைத் தகராறுகளைத் தீர்க்கும் இடம்). திட்டு, அழுகை, பொங்கல் கரும்பு எதுவும் அதில் வேண்டாம்.

இன்னும் காலி செய்யாதவர்களுக்கு: "டெபாசிட்டைக் கடைசி மாத வாடகைக்குக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாகவே வாடகையை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன. நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

படி 5: நீதிமன்றத்தின் சிஜேடிஎஸ் இணையத்தளத்தில் வழக்குப் பதிவு

சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்ளும். உச்சவரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் போடவேண்டும். நீங்கள் வழக்கறிஞர் வைக்க முடியாது, வீட்டுக்காரராலும் முடியாது. என்னைப் போன்றவருக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான்.

தளம் முதலில் சில கேள்விகள் கேட்டு உங்கள் வழக்கு இந்த மன்றத்துக்கு உரியதா என்று பார்க்கும். பிறகு படிவம். எதிர்த்தரப்பின் பெயரை ஒப்பந்தத்தில் உள்ளபடியே எழுதுங்கள், 'ஆன்ட்டி' என்று கைப்பேசியில் சேமித்த பெயரை அல்ல. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் இருவரையும் சேருங்கள்.

படி 6: அறிவிப்பைச் சேர்ப்பித்தல்

வழக்குப் போட்டதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிப்பது நம் வேலை. தெரிவித்துவிட்டேன் என்று தளத்தில் உறுதிமொழியும் பதியவேண்டும். இங்கே ஒரு சிரிப்பு: ஒப்பந்தத்தில் வீட்டுக்கார அம்மாவின் முகவரி என்று இருந்தது நாங்கள் காலி செய்த அதே ஈசூன் வீடு! நல்லவேளை, அவருடைய வேறு முகவரி ஒரு ஏர்கான் ரசீதில் இருந்தது. புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்கள் வீட்டுக்காரர் குடியிருக்கும் முகவரியையும் மின்னஞ்சலையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: பேரம், பிறகு ஆலோசனை அமர்வு

தளத்திலேயே மின்பேரம் இருக்கிறது, ஐந்து சுற்று வரை தொகை சொல்லலாம். எங்களுக்கு மூன்று சுற்று போயும் படியவில்லை. அடுத்து பதிவாளர் முன் ஆலோசனை அமர்வு. அங்கே தீர்ப்பு சொல்லமாட்டார்கள், இரு பக்கமும் கேட்டு உடன்பாட்டுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். படியாவிட்டால்தான் நடுவர் முன் விசாரணை.

பதிவாளர் என் அட்டவணையைப் பார்த்தார். அந்த அம்மாவிடம் பெயின்ட் ரசீதைக் கேட்டார். விலைப்பட்டியல்தான் இருந்தது, வேலை நடந்ததற்கு ரசீது இல்லை. "ஒரு சுவர் அழுக்கானால் ஒரு சுவருக்குத்தானே?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பத்து நிமிடத்தில் அந்த அம்மா என் 300ஐ ஏற்றுக்கொண்டார். 1,670 வெள்ளி அடுத்த வாரம் வந்தது. வெளியே மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, "பாப்பா நல்லா இருக்கா?" என்றார். "நல்லா இருக்காம்மா" என்றேன். வேறென்ன சொல்ல.

மன்றத்தின் உத்தரவு வந்தும் பணம் தரவில்லையென்றால் அதை நிறைவேற்றவைக்கும் உத்தரவுக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், செலவும் கூடும். எனக்கு அது தேவைப்படவில்லை.

சேர்க்கை 1: ஒரு வாசகரின் சான்று முழுக்கத் தமிழ்க் குரல்பதிவு. மன்றத்தில் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு கொடுக்கவேண்டும். முக்கியமான இரண்டு மூன்று பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மொழிபெயர்ப்புச் செலவு வழக்கை விழுங்கிவிடும். நேரில் பேசத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சேர்க்கை 2: "வாடகை பாக்கி, வீட்டுக்காரர் என் பொருளை எடுத்து வைத்துக்கொள்வேன் என்கிறார்" என்று ஒருவர் எழுதினார். பாக்கிக்காகப் பொருளைப் பிடிக்க அவரும் நீதிமன்றத்தில் 'ரிட் ஆஃப் டிஸ்ட்ரெஸ்' என்ற ஆணை வாங்கவேண்டும், அதுவும் 12 மாத பாக்கி வரைதான். மிரட்டலை எழுத்தில் வாங்கிக்கொண்டு சமூக சட்ட ஆலோசனை முகாம் ஒன்றில் இலவசமாகக் கேளுங்கள்.

சேர்க்கை 3: அறை வாடகைக்கு இருக்கும் தம்பிகள் மூன்று பேர் ஒரே மாதிரிக் கேட்டிருக்கிறார்கள். தங்களிடம் பணம் வாங்கியவர் வீட்டின் சொந்தக்காரர் இல்லை, அவரே ஒரு வாடகைக்காரர், என்ன செய்வது என்று. வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதை மறுபடி இன்னொருவருக்கு வாடகைக்கு விட அனுமதி இல்லை. குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், உரிமையாளர் முன்னதாகவே வீவக ஒப்புதல் வாங்கவேண்டும். உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று வீவக இணையத்தளத்தில் சிங்பாஸால் நுழைந்து இன்றைக்கே பாருங்கள். டெபாசிட் கொடுக்குமுன் பார்த்தால் இன்னும் நல்லது.