மாடிசனையும் மார்க்ஸையும் எதிரெதிரே வைத்துப் படிப்பது எப்படி

அமெரிக்கக் குடியரசை நிறுவியவர்களை மார்க்ஸோடு ஒப்பிடச் சொன்னால் பலரும் ‘சுதந்திரமா, சமத்துவமா’ என்று ஆரம்பிப்பார்கள். அந்தத் தலைப்பில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எதுவும் தேறாது. ஒரே கேள்வியைப் பிடியுங்கள்: சொத்தால் பிளவுபட்ட சமூகத்தை என்ன செய்வது?

அந்த நிறுவனர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன், புதிய அரசியலமைப்பை ஆதரித்து 1787 நவம்பரில் எழுதிய ஃபெடரலிஸ்ட் 10ஆம் கட்டுரையும், மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதி 1848இல் வந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் முதல் இரண்டு பகுதிகளும் போதும். மாடிசனை முதலில் படியுங்கள். கோஷ்டிகள் உருவாக மிகப் பரவலான, நீடித்த காரணம் சொத்து ஏற்றத்தாழ்வுதான் என்கிறார். கடன் கொடுத்தவர், கடன்பட்டவர், நிலவுடைமையாளர், வணிகர் என்று பட்டியலும் போடுகிறார். பெயரை மறைத்துக் காட்டினால் மார்க்ஸ் எழுதியது என்றே சிலர் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, வேர் எங்கே என்று இருவரிடமும் கேளுங்கள். மனிதர்களின் திறமை வேறுபாட்டிலிருந்து சொத்து வேறுபாடு பிறக்கிறது, அந்தத் திறமைகளைக் காப்பதே அரசின் முதல் கடமை என்பது மாடிசனின் வாதம். ஆகவே அவர் காரணத்தைத் தொடமாட்டார், விளைவைத்தான் கட்டுப்படுத்துவார். மார்க்ஸுக்கோ அது வரலாற்றில் உருவான உற்பத்தி உறவு, அதாவது உற்பத்தியில் உடைமை யாருக்கு, உழைப்பு யாருக்கு என்ற ஏற்பாடு; மாற்றக்கூடியது.

ஒப்பீடு சூடுபிடிப்பது தூரத்தைப் பற்றிய பேச்சில். நாடு பரந்து கிடந்தால், கடனை ரத்து செய், சொத்தைச் சமமாகப் பங்கிடு என்று கேட்கும் பெரும்பான்மை ஒன்றுதிரள்வது கடினம் என்பது மாடிசனின் கணக்கு. அறிக்கையோ, மோசமான சாலைகளால் இடைக்கால ஐரோப்பிய நகரவாசிகளுக்கு நூற்றாண்டுகள் பிடித்த ஒற்றுமையை ரயில்பாதையால் தொழிலாளர்கள் சில வருடங்களில் அடைகிறார்கள் என்கிறது. ஒருவர் அஞ்சிய அதே திரட்சிக்காகத்தான் மற்றவர் காத்திருந்தார். நீங்கள் எழுதும் ஒப்பீட்டில் பாதி இடத்தை இதற்கே கொடுங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. அறிக்கை ஒழிக்கச் சொல்வது பிறர் உழைப்பைச் சுரண்டும் முதலாளித்துவச் சொத்தை. உங்கள் சட்டையையும் சைக்கிளையும் அல்ல. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஸ்டாலின் ஆட்சியோடு ஒப்பிடாதீர்கள்; முன்னது கொள்கை, பின்னது நடைமுறை. நடைமுறைதான் வேண்டுமென்றால், அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்த 1787 அரசியலமைப்பும் மேசைக்கு வரவேண்டும். நிறுவனர்களிலேயே ஜெஃபர்சனும் ஹாமில்டனும் ஒரே குரலில் பேசியவர்களும் அல்ல.

மார்க்ஸ் அமெரிக்காவை வெறுத்தார் என்று எழுதுவதற்கு முன், லிங்கன் அமெரிக்க அதிபராக மறுபடி தேர்வானபோது சர்வதேசத் தொழிலாளர் சங்கத்துக்காக 1864இல் அவர் எழுதிய வாழ்த்துக் கடிதத்தையும் படித்துவிடுங்கள்; சில பத்திகள்தான்.